கண்ணுக்கே தெரியாத கேலக்ஸியை டெலஸ்கோப் எப்படி குறிவைக்குது? 'பிளேட் சால்விங்' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

நகர வெளிச்சத்தை விட்டு விழுப்புரம் மாவட்டம் பனமலை போன்ற கிராமத்துக்கு டெலஸ்கோப்போடு போனாலும், மங்கலான கேலக்ஸி கண்ணுக்குத் தெரியாது. தேடுவதிலேயே பாதி ராத்திரி போயிடும்.

இதற்கு தீர்வுதான் பிளேட் சால்விங். கேமரா சில விநாடிகளில் எடுக்கும் படத்தில் உள்ள நட்சத்திரங்களை, சாஃப்ட்வேர் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும். விலகல் இருந்தால் மோட்டார் திருத்திவிடும்.

பெயர் எப்படி வந்தது?

முன்பு வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார்கள். அதுதான் 'பிளேட்'. 1988-ல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட 'ராமானுஜன்' சிறுகோளின் இடமும், சுற்றியுள்ள நட்சத்திரங்களை வைத்தே கணக்கிடப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

அஸ்டாப் சாஃப்ட்வேர் இலவசம். சிக்னல் கிடைக்காமல் போகலாம். நட்சத்திரப் பட்டியலை வீட்டிலேயே டவுன்லோட் பண்ணிடுங்க. டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தைத் தப்பாகக் கொடுத்தால் விடை கிடைக்காது.