உறுதியும் ஆட்சியும்: சைப்பிரஸ் தீவின் காணிப் பிரச்சினை

காணி யாருக்கு உரியது என்பதற்குச் சட்டம் ஏற்கும் சான்று உறுதி. அதனை இன்று வைத்து அனுபவிப்பவர் யார் என்பதைக் காட்டுவது ஆட்சி. அமைதி நிலவும் காலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவரிடத்தேயே அமைந்துவிடுகின்றன. போரும் இடப்பெயர்வும் நேரும்போதோ அவை பிரிந்து போகின்றன. உறுதி ஒருவரது பெட்டியிலும், வீட்டின் திறப்பு வேறொருவரது கையிலுமாக இருக்கும் இந்நிலை சைப்பிரஸில் அரை நூற்றாண்டைக் கடந்தும் நீடிக்கின்றது.

பிரித்தானியரிடமிருந்து 1960 ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற இத்தீவில் கிரேக்க சைப்பிரியர் பெரும்பான்மையினராகவும், துருக்கிய சைப்பிரியர் சனத்தொகையில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்றுக் குறைந்தோராகவும் வாழ்ந்தனர். காணிப் பிரச்சினையின் தொடக்கம் 1974 எனப் பலர் கருதுவர். ஆயினும், 1963 டிசெம்பரில் மூண்ட இனமோதலை அடுத்து ஏறத்தாழ 25,000 துருக்கிய சைப்பிரியர் தம் கிராமங்களை விட்டகன்று, தமக்கெனக் காவல் அமைந்த சிறு நிலப்பகுதிகளுள் ஒதுங்கினர் என்பதை மறத்தலாகாது. 1974 யூலை 15 ஆந் திகதி, கிரேக்க இராணுவ ஆட்சியினரின் தூண்டுதலால் ஜனாதிபதி மக்காரியோஸ் கவிழ்க்கப்பட்டார். ஐந்து நாட்களின் பின் துருக்கியப் படைகள் தீவில் தரையிறங்கின. ஓகஸ்ட் நடுப்பகுதியில், தீவின் மூன்றிலொரு பகுதிக்கும் மேலான நிலம் அப்படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிரேக்க சைப்பிரியருள் ஏறத்தாழ 160,000 பேர் தெற்கே ஓடினர். துருக்கிய சைப்பிரியருள் 40,000 இற்கு மேற்பட்டோர் வடக்கே சென்றனர். 1975 இல் வியன்னாவில் எட்டப்பட்ட உடன்பாட்டின்பின் இப்பிரிவினை பெரும்பாலும் முழுமை பெற்றது.

இருபக்க நிருவாகங்களும் காணிகளைக் கையாண்ட முறைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. தெற்கிலுள்ள தம் ஆதனங்களைத் துறந்த துருக்கிய சைப்பிரியருக்கு, அவற்றின் பெறுமதிக்கேற்பப் புள்ளிகள் கணிக்கப்பட்டு, வடக்கில் கிரேக்கர் விட்டுச் சென்ற வீடுகளும் வயல்களும் வழங்கப்பட்டன. துருக்கியிலிருந்து வந்து குடியேறியோரும் அவ்வாறான ஆதனங்களைப் பெற்றனர். 1983 இல் தனிநாடாகத் தன்னைப் பிரகடனஞ் செய்த வடக்கு நிருவாகம், 1985 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 159 ஆம் உறுப்புரை மூலம் கைவிடப்பட்ட ஆதனங்களைத் தனதாக்கிக்கொண்டது. தெற்கிலோ துருக்கிய சைப்பிரியரின் உறுதி அழிக்கப்படவில்லை. ஆயினும் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டலுவல்கள் அமைச்சரை அக்காணிகளின் பாதுகாவலராக்கியது. அவற்றுட் பலவற்றில் வடக்கிலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். சுருங்கக் கூறின், வடக்கு உறுதியை மறுத்து ஆட்சியை வழங்கிற்று. தெற்கு உறுதியைக் காத்து ஆட்சியை நிறுத்தி வைத்தது.

இந்நிலை மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றின் முன் வந்தபோது, முதலில் உறுதியே வென்றது. கைரேனியாவில் காணிகளுக்கு உரித்துடைய ஒரு கிரேக்க சைப்பிரியப் பெண் தொடுத்த ‘லொயிசிடு எதிர் துருக்கி’ வழக்கில், 1996 டிசெம்பர் 18 ஆந் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. சர்வதேச சமுதாயம் ஏற்காத ஓர் அரசின் அரசியலமைப்பு அவரது உரித்தைப் பறித்துவிட முடியாது எனவும், வடபகுதியைத் தன் படைகளாற் கட்டுப்படுத்தும் துருக்கியே இதற்குப் பொறுப்பு எனவும் நீதிமன்றம் கண்டது. 1998 இல் விதிக்கப்பட்ட நட்டஈட்டைத் துருக்கி 2003 இலேயே செலுத்தியது.

அரசியல் தீர்வு முயற்சி வேறு வழியை நாடியது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கொபி அனானின் திட்டம், உரித்தாளருட் பலருக்கு ஆதனத்தின் மூன்றிலொரு பங்கை மீளவளித்து, எஞ்சியதற்கு நட்டஈடு வழங்க எண்ணியது. 2004 ஏப்பிரல் 24 ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் துருக்கிய சைப்பிரியருள் ஏறத்தாழ 65 வீதத்தினர் அதனை ஆதரித்தனர். கிரேக்க சைப்பிரியருள் 76 வீதத்தினர் நிராகரித்தனர். இடையில், வடக்கில் கிரேக்கருக்குரிய காணிகளில் மாளிகைகள் எழுந்து வெளிநாட்டவருக்கு விற்கப்பட்டன.

2010 ஆம் ஆண்டின் தொடக்கம் இவ்வரலாற்றின் முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. லபித்தோஸில் தம் காணியில் பிரித்தானியத் தம்பதியர் வீடு கட்டியமைக்கெதிராக ஒரு கிரேக்க சைப்பிரியர் நிக்கோசியா நீதிமன்றிற் பெற்ற தீர்ப்பு, இங்கிலாந்திலும் நிறைவேற்றத்தக்கது என அவ்வாண்டு ஜனவரியில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. மார்ச்சிலோ, ‘டெமோபொலஸ்’ வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறொரு நோக்கை முன்வைத்தது. வடக்கில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அசையா ஆதன ஆணைக்குழுவை உரித்தாளர் முதலில் நாடவேண்டும் என்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் எல்லாக் காணிகளையும் மீளக் கையளிக்கக் கட்டளையிடுவது, இன்று அவற்றில் வாழ்வோருக்குப் புதிய அநீதியாகலாம் என்றுங் கருதியது. மீளளிப்பு, பரிமாற்றம், நட்டஈடு என்னும் மூன்று பரிகாரங்களை அவ்வாணைக்குழு வழங்க முடியுமாயினும், நடைமுறையில் நட்டஈடே மிகுந்துள்ளது.

இத்தீர்ப்பின் நியாயத்தை முற்றாக மறுத்தல் எளிதன்று. தெற்கிலிருந்து துரத்தப்பட்டு, வடக்கில் கிடைத்த வீட்டிலே பிள்ளைகளை வளர்த்த துருக்கிய சைப்பிரியரும் இடம்பெயர்ந்தவரே. அவரை மீண்டும் வெளியேற்றினால், ஒரு துயரைத் துடைக்க மற்றொரு துயரை ஆக்கியவராவோம். ஆயினும் காலத்தின் மீது பழியைச் சுமத்தும் இந்நியாயத்துள் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. உரித்தாளர் தம் காணிக்குச் செல்லாதிருந்தது தம் விருப்பத்தாலன்று; எல்லைக்கோட்டைக் கடத்தலே 2003 ஏப்பிரல் 23 ஆந் திகதி வரை பெரும்பாலோருக்கு இயலாததாயிருந்தது. தடுத்தவரே தடையின் நீட்சியால் பயன்பெறுவாராயின், தீர்வைப் பிற்போடுவதே இலாபகரமான கொள்கையாகிவிடும்.

பமகுஸ்தா நகரின் வரோஷாப் பகுதி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. 1974 முதல் வேலியிடப்பட்டு ஆளரவமற்றுக் கிடந்த இப்பகுதியில், அதன் குடிமக்களல்லாத பிறரைக் குடியேற்றுதல் ஏற்கத்தக்கதன்று என ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1984 இல் 550 ஆம் இலக்கத் தீர்மானத்தால் அறிவித்தது. 2020 ஒக்டோபரில் அதன் ஒரு பகுதி பார்வையாளருக்குத் திறக்கப்பட்டபோது, முன்னாட் குடிமக்கள் தம் வீதிகளில் விருந்தினராக நடந்து, சிதைந்த வீடுகளை வெளியே நின்று நோக்க வேண்டியவராயினர்.

ஆகவே, சைப்பிரஸ் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு: பிணக்குற்ற காணியைப் பொறுத்தவரை தாமதம் நடுநிலையானதன்று. தீர்வின்றிக் கழியும் ஒவ்வோராண்டும் உறுதியை மெலிவித்து ஆட்சியை வலுப்படுத்துகின்றது. எனவே இடம்பெயர்ந்தோரின் உரித்தைப் பதிந்து பேணுதலும், அவர் தம் காணிக்குச் சென்றுவர வழிசெய்தலும், இன்று அங்கு வாழ்வோருக்கு மாற்று வாழ்விடம் தேடுதலும் இறுதி அரசியல் உடன்பாட்டிற்காகக் காத்திருத்தல் தகாது. இருசாராரும் இடம்பெயர்ந்தோரே என ஏற்றுக்கொள்ளுமிடத்திலிருந்தே நியாயமான கணக்கு தொடங்க முடியும்.