ஹைதராபாத் பிள்ளைகளின் படம் பிறந்த கதை

1805ஆம் ஆண்டு சென்னையில், ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கில ஓவியரின் முன்னால் இரண்டு சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணனுக்கு நான்கு வயது, தங்கைக்கு மூன்று. ஹைதராபாத் நவாப் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய அங்கியும் தொப்பியும் அணிந்திருந்தார்கள்; கால்களில் நுனி வளைந்த செருப்பு. பையன் பெயர் சாஹிப் ஆலம், பெண் சாஹிப் பேகம். இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேற நாள் குறித்தாகிவிட்டது. பையன் நம்மை நேராகப் பார்க்கிறான்; சிறுமியின் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. சின்னரி அப்படியே வரைந்து வைத்தார்.

பிள்ளைகள் போனார்கள், படம் இங்கே தங்கியது. இங்கிலாந்தில் வேறு பெயரோடு, வேறு மதத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தன் தாய்வழி முழுதும் மறந்துபோகாமல் காத்தது இந்த ஒரு படம்தான். அதனால் இது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் தகப்பனார் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பேட்ரிக். அவர் சென்னையில் பிறந்தவர். 1764இல், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, தமையன் வில்லியமுக்குப் பின் ஹைதராபாத்தில் நிஜாம் அலி கானின் தர்பாருக்குக் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது தூதர், ஆனார். 1798 செப்டம்பரில் நிஜாமோடு உடன்படிக்கை செய்து, அடுத்த மாதமே பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் இருந்த ஏறக்குறைய 14,000 பேர் கொண்ட படையைச் சண்டையின்றிக் கலைத்தார். பிரெஞ்சுக்காரரான ரேமண்ட் வளர்த்துவிட்ட படை அது. ரேமண்ட் அந்த ஆண்டு மார்ச்சில் காலமாகியிருந்தார்; அவருடைய கல்லறை இன்றும் ஹைதராபாத்தில் இருக்கிறது. தக்கணத்தில் பிரெஞ்சுக்காரர்களின் செல்வாக்கு அதோடு முடிந்தது. கம்பெனி மேலிடத்தில் கிர்க்பேட்ரிக்கின் பெயர் உயர்ந்தது. நிஜாம் அவருக்கு ஹஷ்மத் ஜங் என்ற பட்டம் கொடுத்தார்.

அதே காலத்தில் அவர் ஹைதராபாத்காரராகவே மாறிக்கொண்டிருந்தார். உள்ளூர் உடை உடுத்தார், ஹுக்கா பிடித்தார், பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் பேசினார். கைருன்னிசா என்ற இளம்பெண் தன் அக்காளின் கல்யாணத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்தாள். அவள் பக்ஷி பாக்கர் அலி கானின் பேத்தி. பின்னாளில் திவான் ஆன மீர் ஆலமுக்கு உறவு. பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய சையத் வம்சம். அந்தக் குடும்பத்தில் வெளியாளுக்குப் பெண் கொடுப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆனாலும் பெண்ணின் தாய் ஷரஃபுன்னிசா மகள் பக்கம் நின்றாள். கிர்க்பேட்ரிக் இஸ்லாத்தைத் தழுவி அவளை மணந்தார். 1801 மார்ச்சில் மகனும் 1802 ஏப்ரலில் மகளும் பிறந்தார்கள். மகளுக்கு இட்ட முழுப்பெயர் நூருன்னிசா சாஹிப் பேகம்.

விஷயம் கல்கத்தாவுக்கு எட்டியபோது கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி விசாரணை வைத்தார். கிர்க்பேட்ரிக் பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். 1803 வாக்கில், மூசி ஆற்றின் கரையில், பெரிய தூண்களும் அகன்ற படிகளும் கொண்ட ரெசிடென்சி மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னை எஞ்சினீயர் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல் அதை வடிவமைத்தார். கைருன்னிசாவுக்காக ரங் மஹால் என்ற அந்தப்புரம் எழுந்தது. பர்தாவை விட்டு வெளியே வராத அவள், கணவனின் மாளிகை எப்படி இருக்கும் என்று பார்க்க, அதன் சிறிய மாதிரி ஒன்றைத் தோட்டத்தில் கட்டிவைத்தார்கள் என்று ஹைதராபாத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

இவ்வளவு ஆசையாக வளர்த்த பிள்ளைகளை ஏன் அனுப்பினார்? காலம் மாறிக்கொண்டிருந்தது. 1780களில் வங்காளத்தில் எழுதப்பட்ட வெள்ளைக்கார உயில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஓர் இந்தியப் பெண்ணுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ சொத்து எழுதிவைத்தது. அத்தனை சாதாரணமாக இருந்த உறவைப் பத்தே வருடத்தில் சட்டம் ஒதுக்கித் தள்ளியது. தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் பணிகளில் இடம் கிடையாது என்று 1791இல் உத்தரவு வந்தது. நிஜாமின் அவையில் பேகம் வீட்டுப் பிள்ளை; கம்பெனி கணக்கில் எதற்கும் தகுதியில்லாதவன். அந்த நிலையில், இங்கிலாந்தில் தாத்தாவின் வீட்டில் வளர்ந்தால் ஒரு வாழ்க்கையாவது அமையும் என்று தகப்பனார் முடிவு செய்தார். உடல்நிலையும் அவருக்குக் கெட்டுக்கொண்டிருந்தது. தாய்க்கு இதில் சம்மதம் இல்லை.

சின்னரி இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். 1774இல் லண்டனில் பிறந்து, 1802 டிசம்பரில் சென்னை வந்து, இங்கிருந்த சகோதரன் வீட்டில் தங்கிப் படம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவிலும் மக்காவு நகரிலும் பெரும்பேர் எடுத்த ஓவியர். ஆனால் சென்னையில் எழுதிய இந்தப் படம் அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஐரோப்பியப் பிள்ளைகளைப் போல உடுத்திவிட்டு அவர் இவர்களை வரைந்திருக்கலாம். கப்பலில் ஏறி இறங்கியபின் அவர்கள் உடுத்தப்போவதும் அதுதான். ஆனால் அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகளோ அந்த வீட்டு உடையிலேயே படத்தில் நிற்கிறார்கள். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால், இந்தப் படத்தின் மொத்த மதிப்பும் அந்த உடையில்தான் இருக்கிறது.

அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். 1805 செப்டம்பரில், ரெசிடென்சி மருத்துவரின் மனைவி திருமதி யூரின் பொறுப்பில், பிள்ளைகள் இருவரும் லார்ட் ஹாக்ஸ்பரி என்ற கப்பலில் புறப்பட்டார்கள். கிர்க்பேட்ரிக் கல்கத்தாவுக்குப் போய், அங்கே அக்டோபர் 15ஆம் தேதி 41 வயதில் இறந்துபோனார். பிள்ளைகள் அப்போது நடுக்கடலில் இருந்தார்கள்.

1806 மார்ச் 25ஆம் தேதி லண்டன் மேரிலபோன் தேவாலயத்தில் அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சாஹிப் ஆலம், வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாஹிப் பேகம், கேத்தரின் அரோரா ஆனாள்; வீட்டில் கிட்டி. ஹைதராபாத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது.

இங்கே தாயின் கதை இன்னும் கொடுமையானது. கணவன் இறந்த செய்தி கேட்டு, அவருடைய கல்லறையைப் பார்க்கத் தன் தாயோடு கல்கத்தா வரை போனாள் கைருன்னிசா. அங்கே கிர்க்பேட்ரிக்கின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலோடு உறவு ஏற்பட்டது. அதைக் காரணமாக வைத்து மீர் ஆலம் அவளை ஹைதராபாத்துக்குள் வரவிடவில்லை; மசூலிப்பட்டினத்தில் தங்கும்படி ஆயிற்று. ரஸ்ஸல் அவளைக் கைவிட்டு வேறு பெண்ணை மணந்தார். பிறகு ஊர் திரும்பிய கைருன்னிசா 1813 செப்டம்பரில், முப்பது வயதைக்கூடத் தொடாமல் இறந்தாள். பிள்ளைகளைக் கடைசிவரை அவள் பார்க்கவில்லை. பிள்ளைகளின் படம் ரஸ்ஸலின் கைக்குப் போயிற்று. பின்னர் தானும் ரெசிடெண்ட் ஆகி, 1820இல் அந்தப் பதவியிலிருந்து விலகிய ரஸ்ஸல், இங்கிலாந்தில் பெர்க்ஷர் மாவட்டத்து ஸ்வாலோஃபீல்டில் இருந்த குடும்ப மாளிகையில் படத்தை மாட்டிவைத்தார்.

வில்லியம் ஜார்ஜ் சிறுவயதில் ஒரு விபத்தில் உடல் ஊனமடைந்து, 1828இல் இளவயதிலேயே இறந்தார். கிட்டி அழகும் அன்பும் நிறைந்த பெண்ணாக வளர்ந்தாள். அவளுடைய உறவினர் வீட்டில் ஆசிரியராக இருந்த தாமஸ் கார்லைல் அவளிடம் மனதைப் பறிகொடுத்தார். அவருடைய சார்ட்டர் ரிசார்ட்டஸ் நூலில் வரும் புளூமைன் இவள்தான் என்று சொல்வார்கள். 1829இல் கேப்டன் ஜேம்ஸ் வின்ஸ்லோ ஃபிலிப்ஸை மணந்து, டார்க்கீ நகரில் குடும்பம் நடத்தினாள்.

பல வருடங்கள் கழித்து, ஒரு தோழியோடு ஸ்வாலோஃபீல்டுக்குப் போன கிட்டி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். படத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள், மூன்று வயதில், ஹைதராபாத் உடையில், அண்ணன் பக்கத்தில். அழுகையை அவளால் அடக்க முடியவில்லை. பிரிந்த நாளில் தாய் உட்கார்ந்திருந்த இடமும், அவள் கதறியதும், கூந்தலைப் பிய்த்துக்கொண்டதும் அந்த மூன்று வயதுப் பிள்ளையின் மனதில் பதிந்திருந்தன. வெறும் நினைவென்று நெஞ்சுக்குள் வைத்திருந்ததற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

அதன் பிறகு இன்னொரு செய்தி வந்தது. பாட்டி ஷரஃபுன்னிசா ஹைதராபாத்தில் உயிரோடு இருக்கிறாள்! ரெசிடென்சியில் வேலை பார்த்த டங்கன் மால்கம் என்ற அதிகாரி வழியாக 1841இல் பாட்டிக்கும் பேத்திக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பேத்தி ஆங்கிலத்தில் எழுதினாள், பாட்டி பாரசீகத்தில் எழுதினாள், மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். கடிதத்தோடு தாயின் கூந்தல் இழைகளைப் பாட்டி அனுப்பிவைத்தாள். தாய் யார், எப்படி இருந்தாள், தகப்பனாரைக் கல்யாணம் செய்த விதம் என்ன என்று தன் பிறப்பைப் பற்றிக் கேட்பதற்கு, உலகத்தில் கிட்டிக்கு மிச்சமிருந்த ஒரே உறவு அவள். 1847இல் ஷரஃபுன்னிசா இறந்தாள். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. 1852இல் ரஸ்ஸல் இறந்தபோது படத்தைக் கிட்டிக்கே எழுதிவைத்திருந்தார். கிட்டி 1889 வரை வாழ்ந்தாள். இன்று அந்தப் படம் ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது.

கிட்டிக்குக் கிடைத்தது போன்ற ஒரு படம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கடல் கடந்த முன்னோரைத் தேடுகிறவர்கள் எந்த நாட்டிலும் முதலில் கப்பல் பதிவுகளைத்தான் புரட்டுவார்கள். பிலடெல்பியாவில் வந்து இறங்கிய ஜெர்மானியர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று 1727இல் பென்சில்வேனியா நிர்வாகம் உத்தரவிட்டது. அதனால்தான் இன்றைய அமெரிக்கர் ஒருவர் தன் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார் என்று கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட்டவர்கள் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டும். கூட வந்த பெண்கள் பலரின் பெயர் கிடைப்பதில்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம்மவர்களுக்கும் அப்படித்தான். வயது, சாதி, மாவட்டம், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். பெற்றவள் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

கிர்க்பேட்ரிக் தன் உயிலில் கைருன்னிசாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் கிட்டியைத் தாயிடம் கொண்டுபோனது உயில் அல்ல. வில்லியம் டால்ரிம்பிள் 2002இல் எழுதிய வெள்ளை மொகலாயர்கள் பற்றிய நூலால் இந்தக் குடும்பத்தின் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. அவர் அதை எழுதும் அளவுக்கு ஆதாரங்கள் மிஞ்சியதற்கு ஒரு காரணம், ஒரு படத்தையும் கொஞ்சம் கடிதங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தது.

ஹைதராபாத் கோட்டி பகுதியில் ரெசிடென்சி மாளிகை இன்றும் நிற்கிறது. பல தலைமுறைகளாகப் பெண்கள் கல்லூரியாக இருந்து, 2022இல் மகளிர் பல்கலைக்கழகமாகி, இப்போது தெலங்கானா உழவர் போராட்டத்தின் சாக்கலி ஐலம்மா பெயரைத் தாங்கியிருக்கிறது. ரங் மஹாலை எப்போதோ இடித்துவிட்டார்கள். தோட்டத்து மாதிரி மாளிகை மிஞ்சியிருக்கிறது. சிதைந்துகொண்டிருந்த பெரிய கட்டடத்தை உலக நினைவுச்சின்னங்கள் நிதியத்தின் உதவியோடு பழுதுபார்த்தார்கள். ஹைதராபாத் போகிறவர்கள் சார்மினாரோடு திரும்பிவிடாமல் இதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒரு வேலை நம் வீட்டிலேயே இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். தாத்தாவையும் அவர் அப்பாவையும் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கும் பெண் யார், எந்த ஊரில் பிறந்தவள், அவளைப் பெற்றவள் பெயர் என்ன என்று சொல்லக்கூடிய ஒருவர் இப்போது உங்கள் குடும்பத்தில் இருப்பார், அவருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவரிடம் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.