மண்வெட்டி கம்பெனி விற்ற ரோபோ

வண்டியா இருந்து, மடக்கித் திருப்பினா மனுச ரூபத்துல எழுந்து நிக்கிற பொம்மைன்னா இன்னைக்கு எல்லாரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னுதான் சொல்வாங்க. அதுக்கு முந்தியே அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது கோபாட்ஸ். அதை விற்ற டோங்கா கம்பெனி நம்ம இனம்ங்க. தோட்ட வேலைக்கான சாமான் செய்யக் கிளம்பின கம்பெனி அது.

1946-ல் மினசோட்டா மாநிலத்தில் மவுண்ட் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்தார்கள். பக்கத்தொழிலாக இரும்புத் தகட்டில் மண் அள்ளும் எந்திரப் பொம்மை, அப்புறம் லாரி. கொஞ்ச வருசத்துல பக்கத்தொழில் முதல் தொழிலையே முழுங்கிடுச்சு. 1955-ல் பக்கத்திலிருந்த மினிடோங்கா ஏரியை நினைத்து கம்பெனி பெயரையே டோங்கா என்று மாற்றிக்கொண்டார்கள்.

ரோபோ மட்டும் அவர்கள் சொந்த விளைச்சல் இல்லை. ஜப்பானில் பண்டாய் 1982-ல் கொண்டுவந்த மெஷின் ரோபோ பொம்மைகளைத்தான் பேர் மாற்றி விற்றார்கள். உள்ளங்கை அளவு, விலையும் குறைவு. ஸ்கூட்டராக மாறுவதற்கு ஸ்கூட்டர், டாங்கிக்கு டாங்க், புல்டோசருக்கு டோசர் என்று பேர். செவலை மாட்டைச் செவலைன்னு கூப்பிடற மாதிரி. எனக்கு அது குத்தமாத் தெரியலை.

1984-ல் ஹாஸ்ப்ரோ வந்தது. அவர்களும் டகாரா என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனியின் பொம்மையைத்தான் வாங்கினார்கள். ஆனால் மார்வெல் காமிக்ஸ்காரர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு ரோபோவுக்கும் தனிப் பேர், குணம், வீம்பு எல்லாம் எழுத வைத்து, அதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்தார்கள். பையன்கள் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க.

டோங்கா என்ன செய்தது தெரியுமா? 1986-ல் ராக் லார்ட்ஸ் என்று ஒன்றை இறக்கியது. வண்டி இல்லை, விமானம் இல்லை. ரோபோவை மடக்கினால் கல்லு. வெறும் கல்லு! காட்டுல கல் பொறுக்கியே இடுப்பு ஒடிஞ்சவன் நான், என்கிட்ட காசு குடுத்து வாங்கச் சொன்னா எப்படி இருக்கும்? அந்தக் கல்லுக்காக ஒரு முழுநீள கார்ட்டூன் சினிமாவும் அதே வருசம் தியேட்டருக்கு வந்தது.

1987-ல் கோபாட்ஸ் ஓய்ந்தது. அதே வருசம் டோங்கா, கென்னர் பார்க்கர் என்ற பெரிய பொம்மைக் கம்பெனியை 55 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பெரும்பகுதி கடன். வட்டி கட்டி வட்டி கட்டியே தேய்ந்து, 1991-ல் அதே ஹாஸ்ப்ரோ கையில் விழுந்தது.

கோபாட்ஸ் என்ற பேர் இன்னைக்கு ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தம். 1995-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையிலேயே குட்டிக் கார்களுக்கு அந்தப் பேரை ஒட்டி விற்றார்கள். பழைய பொம்மைகள் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. டோங்கா குத்தகைக்காரன்தானே, நிலம் பண்டாயுடையது.