நாலு ஒன்பதுக்குப் பின்னால ஒரு குடும்பம்

சில தங்கக் காசுல 999.9னு பொறிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த நாலு ஒன்பதைத் தேடிப் போனப்போ, நான் ஜெர்மனியின் ஹாம்பர்க்ல ஒரு குடும்பத்துகிட்ட போய் நின்னேன்.

1865இல் பர்மிங்ஹாமின் ஜேம்ஸ் எல்கிங்டன், செம்பை மின்சாரத்தால் சுத்தம் செய்யக் காப்புரிமை வாங்கினார். அசுத்தமான செம்புத் தகட்டை மயில்துத்தக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், செம்பு கரைந்து எதிர்த் தகட்டில் படியும். தங்கமும் வெள்ளியும் கரையாது. சேறா அடியில தங்கிடும். அதுக்கு முன்னாடி, அந்தத் துளித் தங்கம் பெரும்பாலும் செம்போட செம்பா வித்துப் போயிட்டிருந்தது!

ஹாம்பர்க் ஆலை ஒன்றில் 1870களில் இதைப் பெரிய அளவில் நடத்தியவர் எமில் வோல்வில். பிறகு தங்கத்துக்கே இதைச் செய்தார். கரைசல், தங்க குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது. வெள்ளி, குளோரைடா மாறி கீழ விழுந்துடும். பிளாட்டினம் கரைசலிலேயே நிற்கும். எதிர்த் தகட்டில் படிவது தங்கம் மட்டும். இன்னைக்கும் இது ‘வோல்வில் முறை’தான். (இதே மனுஷர் கலிலியோவைப் பற்றியும் பெரிய ஆய்வு நூல் எழுதினார். எப்போ நேரம் கிடைச்சுதோ!)

மகன் ஹைன்ரிக்கும் வேதியியலாளர். அதே ஆலையில் உயர் பொறுப்பு. ஆனால் யூதக் குடும்பம். நாஜிகள் வந்த பிறகு அங்கே அவருக்கு இடமில்லை. 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். 1943இல் அங்கேயே இறந்தார்.

தங்கை கிரெட்சென் ஓவியர். போர்ச்சுகலுக்குத் தப்பியவர், 1952இல் ஹாம்பர்க்குக்கே திரும்பி வந்தார்.