சிப்பிக் கூடையும் கல்லுமக்காய்க் கயிறும்

தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973 ஜூலையில் ஆய்வாளர் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை எடுத்துக் காட்டினார். அங்கே மிதவையில் கூடை கூடையாகத் தொங்கிய முத்துச்சிப்பிகளுக்கு ஓயாத தொல்லை கொட்டலசு. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், கயிற்றுப் பைகளில் வளரும் நீலக் கல்லுமக்காய்க்குத் தொல்லை தருபவை தொட்டால் நீர் பீய்ச்சும் அசிடியன்கள். அவற்றில் ஸ்டைலா 1998-இலும் சியோனா 2004-இலும் அங்கே கண்டறியப்பட்டன.

இரண்டு இடத்திலும் கடலுயிர்கள் ஒட்டிக்கொள்கின்றன. வளர்ச்சி கெடும் வழிதான் வேறு. முத்துச்சிப்பிக் கூடையின் வலைக்கண் அடைபட்டால் உள்ளே நீரோட்டம் தளரும். நீரோடு வரும் நுண்பாசியே சிப்பியின் இரை. ஓட்டின் விளிம்பில் கொட்டலசு உட்கார்ந்தால் வாயை ஒழுங்காகத் திறந்து மூட முடியாது. அதைவிடக் கொடியவை ஓட்டைத் துளைக்கும் பாலிடோரா புழுவும் கிளயோனா கடற்பஞ்சும். துளை உள்ளே எட்டும் இடத்தில் சிப்பி பூச்சுப் பூசி அடைத்துக்கொண்டே இருக்கும். உடல் வளரவும் முத்து தடிக்கவும் வேண்டிய சத்து அதிலேயே கரைகிறது. சுரண்டி எடுப்பதும் நுட்பமான வேலை. கொட்டலசு பெயர்ந்தாலும் அதன் அடித்தட்டு வெள்ளை வட்டமாக ஓட்டிலேயே நிற்கும். அழுத்திச் சுரண்டினால் விளிம்பில் புதிதாக விட்ட மெல்லிய சீவல்கள் உடைந்துவிடும். அவற்றைச் சிப்பி மறுபடி வளர்த்தாக வேண்டும்.

கல்லுமக்காய்க்குக் கூடைச் சிறை இல்லை. அசிடியனும் அதே நுண்பாசியைத்தான் வடிகட்டித் தின்கிறது என்பதால், காய் பட்டினி கிடக்கும் என்று நினைக்கத் தோன்றும். இரையும் நீரோட்டமும் தாராளமாக இருந்தால் வளர்ச்சி பெரிதாகக் குறைவதில்லை என்றே சில சோதனைகள் காட்டின. சியோனா கயிற்றை அடர்ந்து மூடிய இடங்களிலோ காய் சிறுத்தது, செத்தும் போனது; நோவா ஸ்கோஷியாவில் இது பதிவாகியிருக்கிறது. வளர்ப்பவரை உடனே உலுக்குவது அசிடியன்களின் பாரம். கனத்த கயிற்றிலிருந்து காய்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று கடலடியில் விழுந்துவிடும். சியோனாவின் உடல் மென்மையானது. அழுத்த நீரைப் பாய்ச்சினால் கிழிந்து போகும். அதன் குஞ்சுகள் வந்து ஒட்டும் பருவம் ஓயுமுன் கழுவினால், காலியான இடத்தில் அவையே மறுபடி குடியேறும்.

முத்துச்சிப்பியைச் சுத்தம் செய்வதில் தவணை தவறக்கூடாது. கல்லுமக்காய்க் கயிற்றைக் கழுவக் காலம் பார்க்க வேண்டும். நம் கரையில் சிப்பி வளர்க்க இறங்குவோர், கூடை இறக்கும் முன்பே கடலில் சில பலகைகளைத் தொங்கவிட்டு, எந்த மாதத்தில் எது ஒட்டுகிறது என்று ஓராண்டாவது குறித்துவையுங்கள்.