கிழக்குச் சாளரம்



நம் ஆலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னே உள்ள கிழக்குச் சாளரத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வெள்ளிக்கிழமை அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், நம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபோது, அந்தச் சாளரத்தின் கண்ணாடிகளையும் நொறுக்கிப்போட்டது. மறுநாள் இரவு மின்சாரமின்றி நடந்த புத்தாண்டு ஆராதனையில், ஏற்றிய மெழுகுவர்த்தி ஒன்றுகூட அந்தத் திறப்பின் முன் நிலைக்கவில்லை என்று நம் மூத்தோர் இன்றும் சொல்கிறார்கள். அந்த வாரமே அடிக்கப்பட்ட தகரம் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

இப்போது நம் ஊரிலிருந்து வெளிநாடு சென்று வாழும் ஒரு குடும்பத்தார், அங்கே வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்துத் தர முன்வந்திருக்கிறார்கள். இதைக் குறித்துச் சபைக் குழுவில் எழுந்த கருத்து வேறுபாடும் உங்களுக்குத் தெரியும். “வேதத்தை வாசிக்கும் சபைக்குச் சித்திரம் எதற்கு?” என்றனர் சிலர். “ஆண்டவரின் வீடு அழகாயிருப்பதில் குற்றம் என்ன?” என்றனர் சிலர். மூன்றாவதாக ஒரு தாயார் எழுந்து, “ஐயா, மழைக்காலத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒழுகும் கூரைகளை எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆகவே வரலாற்றிடம் சென்றேன். கண்டதை இந்த வாரச் சிந்தனையாக உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் புதுச்சேரிக்குப் போனேன். இரயில் நிலையத்தின் அருகே நிற்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1902இல் கட்டத் தொடங்கி 1907இல் அர்ச்சிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம் அது. 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 24 தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. 28 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பரிசுத்தவான்களின் வரலாறுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. வாசலுக்கு மேலே 2 நாளாகமம் 7:16 இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. தேவன் தமது நாமம் விளங்கும்படி ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டதைக் கூறும் வசனம் அது. அங்கே நான் ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தேன். வெயில் நகர நகர, வெண்தரையில் விழுந்த நீலமும் சிவப்பும் மெல்ல இடம் மாறின.

அந்தக் கட்டடக்கலைக்குக் கோதிக் என்று பெயர். அதன் பிறப்பிடம் பாரிசுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனிஸ் மடாலயம். அதன் தலைவரான சூழே என்னும் துறவி புதுப்பித்த பீடப்பகுதி 1144ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆலயங்களில் அரைவட்ட வளைவுகளும் கனத்த கற்கூரையும் இருந்தன. கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடித்திருக்க வேண்டும். தடித்த சுவரில் பெரிய சாளரம் வைக்க இயலாது. எனவே ஆலயங்கள் இருண்டிருந்தன. கோதிக் கொத்தர்கள் வளைவின் உச்சியைக் கூராக்கினர். பாரத்தின் பெரும்பகுதி கீழ்நோக்கி இறங்கிற்று. கூரையின் அடியில் விலா எலும்புகளைப் போன்ற கல் வரம்புகளை அமைத்து, அந்தப் பாரத்தைத் தூண்களில் சேர்த்தனர். மீந்த உந்துதலை ஏற்க, வெளியே வில்லாக வளைந்த முட்டுகளைக் கொடுத்தனர். சுவரின் சுமை இவ்வாறு நீங்கியபின், சுவர் இருந்த இடத்தில் கண்ணாடியை நிறுத்த முடிந்தது.

அக்கண்ணாடியின் பிறப்போ மிக எளியது. மணலும் மரச்சாம்பலும்தான் அதன் மூலப்பொருள்கள். அவற்றை உலையில் உருக்கி, நீலத்துக்குக் கோபால்ட்டும், சிவப்புக்குச் செம்பும், ஊதாவுக்கு மாங்கனீசும் சேர்த்தனர். செம்பு தந்த சிவப்பு மிகவும் அடர்ந்தது. தகடு முழுவதும் அந்நிறமாயிருந்தால் ஒளி புகாமல் கருத்துத் தோன்றும். ஆகையால் நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகவே அதைப் படியச் செய்தனர். முகத்தையும் ஆடை மடிப்பையும் கருஞ்சாயத்தால் வரைந்து, மீண்டும் சூளையிலிட்டுச் சுட்டனர். பின்பு துண்டுகளை ஈயப் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்தனர்.

இதே காலத்தில் நம் மண்ணிலும் கொத்தர்கள் உறங்கவில்லை. சிதம்பரத்தின் பெருங்கோபுரங்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. சேந்தமங்கலத்திலிருந்து இந்நாட்டை ஆண்ட காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனுக்கு அத்திருப்பணியில் பங்குண்டு. உலகின் இரு திசைகளிலும் மனிதர் ஒரே காலத்தில் விண்ணை நோக்கிக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சிலுள்ள சார்த்ர் நகரின் பேராலயம் 1194ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. சாம்பலிலிருந்து எழுப்பப்பட்ட புதிய ஆலயம் 1260இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சாளரங்கள் 170க்கும் மேற்பட்டவை. கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர். இரண்டாம் உலகப்போர் மூளும் வேளையில் அக்கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோயினர். போர் முடிந்தபின் மீண்டும் பொருத்தினர். ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. பல சாளரங்களின் அடிப்பகுதியில், பரிசுத்தவான்களின் பாதங்களுக்குக் கீழே, ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், தண்ணீர் சுமக்கிறவர் முதலானோர் தத்தம் வேலையைச் செய்தபடி நிற்கிறார்கள். அவர்களே அச்சாளரங்களுக்குக் காணிக்கை கொடுத்தார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வியர்வை வழியும் தொழிலாளி ஒருவன், 800 ஆண்டுகளாய் ஆண்டவரின் வீட்டில் ஒளியோடு நிற்கிறான் என்பதில் ஐயமில்லை.

இனி, வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சார்த்ரைவிட உயரமாகக் கட்ட விரும்பினர் பொவே நகரத்தார். அவர்கள் எழுப்பிய பீடப்பகுதியின் கூரை ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தை எட்டியது. 1284இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதைச் செப்பனிட்டபின், 153 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினர். 1573இல் அதுவும் சரிந்தது. சபை மக்கள் கூடி நிற்க வேண்டிய நெடிய முன்மண்டபம் அங்கே இன்றுவரை கட்டப்படவேயில்லை. உயரத்துக்குச் செலவழிந்தது, மக்களுக்கான இடம் கட்டப்படாமலே நின்றுபோயிற்று. சபையாரே, இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு துயரம் நம்முடையது. ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் மார்செய் நகரப் பேராயர் செரீனுஸ், மக்கள் வணங்குகிறார்களே என்று தம் ஆலயத்தின் உருவங்களை உடைத்தார். அவற்றை வணங்கலாகாது, ஆனால் எழுத்தறியாதோர் பார்த்துக் கற்கும்படி விட்டுவைக்க வேண்டும் என்று ரோமாபுரியின் கிரகோரியார் அவரைக் கடிந்து எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், வேதத்தைக் கையில் ஏந்திய நம் முன்னோரே அக்கேள்வியை மீண்டும் சந்தித்தனர். 1522இல் விட்டன்பர்க்கில் உருவங்களை உடைக்கும் ஆவேசம் எழுந்தபோது, மார்ட்டின் லூத்தர் மறைவிடத்திலிருந்து திரும்பி வந்து, எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அதைத் தணித்தார். வன்முறையால் மனந்திரும்புதல் வராது என்பதே அவருடைய வாதம். ஆனால் இங்கிலாந்தில் 1643, 1644ஆம் ஆண்டுகளில் வில்லியம் டவ்சிங் என்பவர் ஆலயம் ஆலயமாகச் சென்று சாளரங்களை உடைக்கச் செய்து, அதைக் கணக்குப்போல் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பக்தியின் பெயரால் அழகை அழித்தவர்களும் நம் குடும்பத்தாரே என்பதை நாம் மறைக்கக் கூடாது.

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். தெலங்கானாவிலுள்ள மேதக் பேராலயம், இங்கிலாந்திலிருந்து வந்த வெஸ்லியன் மிஷனெரி சார்லஸ் வாக்கர் பாஸ்நெட்டின் முயற்சியால் எழுந்து, 1924ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பஞ்சம் வாட்டிய காலத்தில், பட்டினியாய் வந்தவர்களுக்கு அக்கட்டுமானத்தில் வேலை கொடுத்து உணவளித்தார் அவர். ஆண்டவரின் பிறப்பையும் சிலுவைப்பாட்டையும் பரமேறுதலையும் காட்டும் மூன்று வண்ணச் சாளரங்கள் இன்று அங்கே ஒளிர்கின்றன. அந்த ஆலயம் அழகாவதற்கு முன்பே பலருக்கு அப்பமாயிற்று.

உண்மையைச் சொல்கிறேன்: இந்தக் காணிக்கையை மறுத்துவிட வேண்டும் என்பதே என் முதல் எண்ணம். இப்போது அப்படி எண்ணவில்லை. குழுவின் முன் நான் வைக்கப்போகும் கருத்து இது. முதலாவது, மழைக்கு முன் நம் தெருக்களின் கூரைகள் செப்பனிடப்படட்டும். காணிக்கையின் முதற்பகுதி அதற்கே செல்ல அந்தக் குடும்பத்தாரைக் கேட்போம்; அவர்கள் இசையாவிட்டால், சாளரம் இன்னும் சில காலம் தகரத்தோடே இருக்கட்டும். இரண்டாவது, கொடுத்தவர் பெயர் கண்ணாடியில் வேண்டாம். ஆலயப் பதிவேட்டில் இருந்தால் போதும். மூன்றாவது, மேலே எந்தக் காட்சி வந்தாலும், அடிப்பகுதியில் முந்திரி உடைக்கும் ஒரு பெண் அமர்ந்திருக்க வேண்டும். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கருத்து வெந்த விரல்களோடு திருவிருந்துக்கு நீட்டப்படும் கைகளை ஒவ்வொரு மாதமும் நான் பார்க்கிறேன். சார்த்ரில் ரொட்டி சுடுகிறவனுக்குக் கிடைத்த இடம், காடாம்புலியூரில் அந்தக் கைகளுக்குக் கிடைக்கட்டும்.

இதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு அப்பால் சூரியன் உதித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஜெபம்: ஒளியின் பிதாவே, எங்கள் கையின் கிரியையை உறுதிப்படுத்தும். உமது வீட்டின் அழகை நாடும்போது அயலானின் ஒழுகும் கூரையை மறவாத கண்களை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.