மணவாழ்வில் வாங்கிய சொத்து: தில்லியில் சட்ட அனுமானங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வாங்கிய வீடு யாருடையது என்று வழக்கு வந்தால், மறுத்து ஆதாரம் வரும்வரை யாரை உரிமையாளராகக் கொள்வது என்று சொல்வதே சட்ட அனுமானம். அதை ஏற்காதவரே ஆதாரம் காட்ட வேண்டும். தில்லிக்கென்று இதில் தனிச் சட்டம் கிடையாது. இந்தியாவின் பொதுச் சட்டங்களே செல்லும். கோவா விலக்கு. 1867-ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் தம்பதியின் சொத்து அங்கே இருவருக்கும் பொது. தில்லியில் மணம் முடிந்ததாலேயே யாருக்கும் பங்கு வந்துவிடாது. பத்திரத்தில் இருக்கும் பெயரிலிருந்தே கணக்குத் தொடங்கும்.

அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பது காலத்துக்குக் காலம் மாறியது. மனைவி அல்லது பிள்ளை பெயரில் வாங்கினால் அது கொடை என்று கொள்ளும் ஆங்கிலேய வழக்கம் இந்தியாவுக்குப் பொருந்தாது என 1854-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பணம் போட்டவர் யார் என்பதே பெரிதாயிற்று. 1988-இல், பிறர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமித் தடைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதைத் தலைகீழாக்கியது: மனைவி பெயரில் வாங்கியது அவருடைய நலனுக்கே என்று கொள்ள வேண்டும், இல்லை என்பவர் நிரூபிக்கட்டும். கணவர் அப்படி நிரூபிக்க வழக்குப் போடலாம் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2016-இல் வந்த திருத்தம் அந்த வாசகத்தையே நீக்கிவிட்டது. கணக்கில் உள்ள வருமானத்தைக் கொண்டு துணைவர் பெயரில் வாங்கிய சொத்து இப்போது பினாமியே அல்ல. இதை வைத்து, மனைவி பெயரிலுள்ள சொத்தைத் தன்னுடையது என்று நிரூபிக்கக் கணவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. கறுப்புப் பணத்துக்கு வைத்த பொறியில் மனைவியின் அனுமானமும் சிக்கிக்கொண்டது எனலாம். தில்லியில் பெண் பெயரில் பதிந்தால் முத்திரைத் தீர்வை ஆண்களைவிட 2 சதவீதப் புள்ளி குறைவு. ஆகவே சலுகைக்காக மனைவி பெயரில் பதிவதும் உண்டு. தம்பதி பிரியும்போது அந்தப் பெயரே சண்டைக்குப் பொருளாகிறது.

கூட்டுப் பெயர் என்றால் நிலைமை வேறு. மாதத் தவணை முழுவதையும் தானே கட்டியதாகச் சொல்லிக் கணவர் தனியுரிமை கோர முடியாது என்று 2025-இல் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட உழைப்பை மட்டும் காட்டிக் கணவர் பெயரிலுள்ள சொத்தில் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023-இல், வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்துகளில், குடும்பத்தை நடத்திய மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்திருந்தது. சென்னைத் தீர்ப்பே நியாயத்துக்கு நெருக்கம். தில்லித் தீர்ப்பு சட்டத்தின் எழுத்துக்கு நெருக்கம்.

நகை, சீர் ஆகிய ஸ்திரீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது. கணவர் வைத்திருந்தாலும் அது நம்பி ஒப்படைத்த பொருளே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருவது குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை அல்ல. மணமுறிவின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர முனைந்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது.